குழாய்த் தண்ணீர் சொன்ன ரகசியம்

ஆஸ்பத்திரியில் 'ஆர்.எல்.' பாட்டில் ஏற்றுவதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த 'ஆர்' யார் தெரியுமா நண்பர்களே? சிட்னி ரிங்கர் என்ற ஆங்கிலேய டாக்டர்தான்!

இங்கிலாந்தில் நார்விச் நகரத்தில் பிறந்த இவர், 1854-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். பிறகு அங்கேயே டாக்டர், அங்கேயே பேராசிரியர். 1869-ல் அவர் எழுதிய மருத்துவ நூல் 13 பதிப்புகள் கண்டது. இவ்வளவு பேர் வாங்கியும் மனுஷர் சும்மா இருக்கவில்லை. வார்டு வேலைக்கு நடுவே கொஞ்சம் நேரம் கிடைத்தால் லேப்புக்கு ஓடிவிடுவார்.

அங்கே என்ன வேலை? தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து, எந்தெந்த உப்புக் கரைசலில் அது தொடர்ந்து துடிக்கிறது என்று பார்ப்பது. இதயம் மணிக்கணக்கில் துடித்தது. தான் போட்ட உப்புகளே போதும் என்று நம்பி, 1882-ல் முடிவை அச்சிலும் கொண்டுவந்துவிட்டார்.

அப்புறம்தான் குட்டு உடைந்தது! காய்ச்சி வடித்த நீரில் தயாரிக்க வேண்டிய கரைசல், லண்டன் குழாய்த் தண்ணீரில் தயாராகியிருந்தது. வடித்த நீரில் மறுபடி செய்தால், சுமார் 20 நிமிஷத்தில் துடிப்பு அடங்கிப்போனது. கொஞ்சம் கால்சியம் சேர்த்ததும் மீண்டும் துடித்தது! இத்தனை நாள் இதயத்தை ஓட்டியது குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான்.

பெரிய டாக்டர், கமுக்கமாக இருந்திருக்கலாம். ஆனால் 1883-ல் அடுத்த கட்டுரையில், முன்பு சொன்னது சரியில்லை, காரணம் குழாய்த் தண்ணீர் என்று தானே எழுதினார். மரியாதை குறைந்ததா? இல்லையே! 1885-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1910-ல் காலமானார். 1930-களில் அமெரிக்க டாக்டர் ஹார்ட்மேன் அந்தக் கரைசலில் லாக்டேட் சேர்த்தார். அதுதான் 'எல்'.

ரிங்கர் பிடித்த நூல் இதயத்தோடு நிற்கவில்லை. சரியாக 100 வருஷம் கழித்து, 1983-ல், கணையச் செல்களில் ஒரு விஷயம் தெரியவந்தது. வெளியிலிருந்து வரும் கட்டளை செல்லின் சவ்வோடு நின்றுவிடும். உள்ளே ஐ.பி.3 என்ற சின்ன மூலக்கூறு உருவாகி, செல் சேமித்து வைத்திருக்கும் கால்சியத்தைத் திறந்துவிடும். நம்ம வாயில் எச்சில் ஊறுவதும் இப்படித்தான். நரம்பு தட்டியதும் கால்சியம் எகிறும், உமிழ்நீர்ச் செல்லில் குளோரைடு கதவுகள் திறக்கும். குளோரைடு வெளியேற, சோடியம் பின்தொடர, இரண்டின் பின்னாலேயே தண்ணீரும் வந்துவிடும். கால்சியம் ஏறாவிட்டால் வாய் வறண்டுதான் போகும்!

நண்பர்களே! ரீடிங் ஒத்துவராதபோது பக்கத்து பேட்ச் நோட்டை எட்டிப் பார்க்கத் தோணும். அதுக்கு முன்னாடி, தண்ணி எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று ஒரு தடவை பார்த்துடுங்க!