டி. வி. சுந்தரம் ஐயங்கார்

பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுவோரும், அவற்றின் வரலாற்றை விரும்பிப் பயில்வோரும் நம் நாட்டிற் பலர் உளர். அன்னார் ஓரிடத்துக் கூடுங்கால், ஒருவர் அறிவை மற்றொருவர் வினாக்களால் அளந்து பார்த்தல் இனியதொரு பொழுதுபோக்காகும். மோட்டார் வண்டிக்கு முதலில் உரிமைச் சாசனம் பெற்றவர் யாவர் எனின், 1886இல் ஜெர்மனி தேசத்துக் கார்ல் பென்ஸ் என்பர். போர்டு கம்பெனியார் டி என்னும் மாதிரி வண்டியை எத்துணைக் காலம் செய்தனர் எனின், 1908 முதல் 1927 வரை என்றும், தொகை ஒன்றரைக் கோடி என்றும் கூறுவர். அம்பாஸடர் வண்டிக்கு மூதாதை எது எனின், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என உடனே விடை வரும். ஆயினும், மாட்டு வண்டியே கதியென்றிருந்த மதுரைச் சீமையில் மோட்டாரை எளியோரும் ஏறும் ஊர்தியாக்கியவர் யாவர், பெட்ரோல் அரிதான காலத்தில் அவ்வூர்திகள் எதனால் ஓடின என்று வினவின், விடை கூறுவோர் சிலரே. அவ்விரு வினாக்களுக்கும் விடையாக விளங்கும் பெருந்தகையின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி வரைவாம்.

சுந்தரம் ஐயங்கார் 1877ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22ஆம் நாள், திருநெல்வேலிச் சீமையில் வைணவத் திருப்பதிகளுள் ஒன்றாகிய திருக்குறுங்குடியிற் பிறந்தார். முதலில் வழக்கறிஞராயிருந்தார், பின்னர் ரயில்வேயிலும், அதன்பின் பாங்கியிலும் உத்தியோகம் வகித்தார். கற்றவர்க்கு உத்தியோகமே புகலிடம் என்று உலகம் கருதியிருந்த காலம் அது. அக்காலத்தில், மாதந் தவறாது வரும் ஊதியத்தை உதறிவிட்டு, கரியும் எண்ணெயும் படியும் மோட்டார்த் தொழிலில் அவர் துணிந்து இறங்கினார். 1911ஆம் ஆண்டில் மதுரையில் தம் பெயரால் ஒரு தொழில் நிலையத்தை நிறுவி, பஸ் போக்குவரத்தைத் தொடங்கினார்.

இச்செயலின் அருமையை உணர வேண்டின், அந்நாளைய சாலைகளை நினைத்தல் வேண்டும். உசிலம்பட்டியினின்று மதுரைக்குச் சற்றேறக்குறைய 25 மைல். மணிக்கு இரண்டு மூன்று மைல் நடக்கும் மாட்டு வண்டிக்கு அஃது ஓர் இரவுப் பயணம். மதுரையினின்று உசிலம்பட்டி வழியாகப் போடிநாயக்கனூருக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டதும் 1928இல்தான். ஆகவே, பிணியாளனை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொணர்தலும், வாய்தா நாளிற் கச்சேரி போய்ச் சேர்தலும், பிள்ளைகளைப் பட்டணத்துக் கலாசாலைக்கு அனுப்புதலும் சுற்றூர் மக்களுக்கு எளியவாயிருந்தில. இத்தகைய நாட்டிற் பஸ் வந்தமை, தூரத்தையே சுருக்கியது போலாயிற்று.

பஸ் விடுதல் ஒன்று. அதனைக் குறித்த நேரத்தில் நாள்தோறும் விடுதல் வேறொன்று. டி. வி. எஸ். வண்டி வரும் நேரங்கொண்டு கடிகாரத்தைத் திருத்திக்கொண்டதாக மதுரைப் பக்கத்து முதியோர் இன்றும் சொல்வர். மாடு குதிரைகளின் லாட ஆணிகள் சாலையிற் சிதறிக் கிடந்து டயர்களைப் பஞ்சராக்கின. அவற்றைப் பொறுக்கியெடுத்தற்குக் காந்தம் பூட்டிய வண்டியொன்று சாலையில் ஓடியதாகவும் அவர்கள் கூறக் கேட்கிறோம். நேரந் தவறாமை ஓட்டுபவனின் வேகத்தால் வருவதன்று. முன்னரே இடையூறு களையும் சிந்தனையால் வருவது என்பதற்கு இஃது ஏற்ற சான்று.

தொழில் மெல்லமெல்லக் கிளைத்தது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1928 முதல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டி முடித்து விற்கலாயினர். அக்கம்பெனியின் வண்டிகளைத் தென்னாட்டில் விற்கும் பெரும் பொறுப்பு ஐயங்காரின் நிறுவனத்தைச் சார்ந்தது. வண்டியை விற்பதோடு அமையாது, உதிரிப் பாகங்கள் கிடைக்கவும், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஏற்றவும் அவர் வழி செய்தார். புதல்வர்களும் தந்தையின் தொழிலிலேயே பயின்று வளர்ந்தனர்.

அவரது திறத்திற்குக் கடுஞ்சோதனை இரண்டாம் உலக யுத்தத்தில் வந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைப்பட்டபின் பெட்ரோல் முன்னினும் அருகிற்று. வண்டிகள் நின்றால் மக்களின் போக்குவரத்து நிற்கும். தொழிலாளர் குடும்பங்களின் அடுப்பும் அணையும். அந்நிலையில் ஐயங்காரின் நிறுவனம் கரிவாயுக் கலம் ஒன்றை வகுத்து, டி. வி. எஸ். காஸ் பிளாண்ட் என்னும் பெயரால் செய்து வெளியிட்டது. கரிவாயுவால் வண்டி ஓட்டும் முறை ஐரோப்பாவில் முன்னரே அறியப்பட்டதுதான். அதனை நம் சாலைக்கும் நம் கரிக்கும் இசைய அமைத்ததே இங்கு நிகழ்ந்த அருஞ்செயல்.

அதன் இயல்பு இது: வண்டியோடு பொருத்திய உருளை அடுப்பில் மரக்கரியை இட்டுத் தீ மூட்டி, காற்றைக் குறைவாகச் செலுத்துவர். கரி முற்றும் எரியாமையால் கார்பன் மோனாக்ஸைடு என்னும் எரிவாயு உண்டாகும். அதனைக் குளிர்வித்து, சாம்பலும் தூசியும் நீங்க வடிகட்டி, மீண்டும் காற்றோடு கலந்து இஞ்சினுட் செலுத்தினால், பெட்ரோல் செய்யும் வேலையை அது செய்யும். வலிமை குறைவே, மேட்டில் வண்டி திணறும், புறப்படுமுன் அடுப்பு மூட்டிக் காத்திருத்தலும் வேண்டும். எனினும், நில்லாமல் ஓடிற்று. அந்நாளில் மக்களுக்கு வேண்டியதும் அதுவே.

இல்லற வாழ்விலும் அவர் துயரறியாதவரல்லர். மகள் சௌந்தரம் இளமையிலேயே கணவனை இழந்தார். கைம்பெண்ணை வீட்டின் மூலையில் இருத்துதலே வழக்கமாயிருந்த அக்காலத்தில், அம்மையார் தில்லி சென்று வைத்தியம் பயின்று 1936இல் டாக்டர் பட்டம் பெற்றார். பெற்றோர் அக்கல்விக்கு ஆதரவாயிருந்தனர். 1940இல் ஜி. இராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்ட அம்மையார், அவரோடு 1947இல் திண்டுக்கல்லை அடுத்துக் காந்திகிராமத்தை நிறுவி, ஏழைகளுக்குத் தொண்டு புரிந்தார்.

முதுமையில் ஐயங்கார் பொறுப்பைப் புதல்வர்களிடம் ஒப்புவித்து ஓய்வு பெற்றார். 1955ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28ஆம் நாள் கோடைக்கானலில், தம் 78ஆம் வயதில், இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் நாட்டிய வித்து பின்னர்ப் பல தொழிற்சாலைகளாகச் செழித்தது. மதுரையில் அவர் வளர்த்த பஸ் போக்குவரத்து 1972இல் அரசினர் வசமாகி, பாண்டியன் போக்குவரத்துக் கழகமாயிற்று.

மாணவ நண்பர்காள்! வண்டியைப் படைத்தோரின் பெயர்கள் புத்தகங்களில் உள, அவை அழியா. அதனை நம் சாலையில் ஓடவைத்தோரின் அறிவோ பெரும்பாலும் எழுத்தில் ஏறிற்றிலது. 1972க்கு முன் அவ்வண்டிகளை ஓட்டியவரும் பழுது பார்த்தவரும் இன்று எழுபதைக் கடந்தவர்கள். விடுமுறையில் உசிலம்பட்டிக்கோ பிற ஊருக்கோ செல்லும் நீவிர், அத்தகைய முதியவர் ஒருவரையேனும் கண்டு, அவர் அறிந்தவற்றைக் கேட்டு எழுதி வைப்பீராக. அங்ஙனம் செய்வீராயின், மோட்டார் வரலாற்று வினாக்களில் நம் சீமைக்குரிய வினாவும் விடையின்றி நில்லாது.