மா. கிருஷ்ணன்

மா. கிருஷ்ணன் (ஜூன் 30, 1912 – பெப்ரவரி 18, 1996) தமிழ்நாட்டைச் சேர்ந்த இயற்கையியலாளர், கானுயிர் ஒளிப்படக் கலைஞர், எழுத்தாளர் மற்றும் ஓவியர் ஆவார். இந்தியாவில் கானுயிர் ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். கொல்கத்தாவிலிருந்து வெளிவரும் 'தி ஸ்டேட்ஸ்மன்' ஆங்கில நாளிதழில் 1950 முதல் 1996 வரை 46 ஆண்டுகள் இயற்கை பற்றிய பத்தியைத் தொடர்ந்து எழுதினார். யானை, காட்டெருது போன்ற பெரிய விலங்குகளை மட்டுமன்றி வீட்டுத் தோட்டத்து அணிலையும் காகத்தையும் அதே கவனத்துடன் பதிவு செய்தமை இவரது தனிச்சிறப்பாகும்.

இளமைக் காலம்

கிருஷ்ணன் திருநெல்வேலியில் பிறந்தார். இவரது தந்தை தமிழின் தொடக்ககாலப் புதின ஆசிரியர்களுள் ஒருவரான அ. மாதவையா. எட்டுப் பிள்ளைகளில் கிருஷ்ணனே கடைக்குட்டி. சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாகப் பணியாற்றிய மா. அனந்தநாராயணன் இவரது தமையனார். கிருஷ்ணனின் பதின்மூன்றாம் வயதில், 1925இல், மாதவையா காலமானார்.

குடும்பம் சென்னை மயிலாப்பூரில் வசித்தது. அந்நாளில் அப்பகுதி புதர்க்காடாக இருந்தது. நரிகளையும் வெளிமான்களையும் பலவகைப் பறவைகளையும் அங்கே காண முடிந்தது. சிறுவனான கிருஷ்ணன் கீரி ஒன்றையும் வளர்த்து வந்தார். பின்னாளில் நகரம் வளர்ந்து அப்புதர்க்காடு முற்றிலும் மறைந்துவிட்டது.

இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்ற இவர், 1927இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு தாவரவியல் பேராசிரியராக இருந்த பி. எஃப். ஃபைசனுடன் நீலகிரி, கொடைக்கானல் மலைகளுக்குக் களப்பயணம் சென்றார். ஃபைசனின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியம் கற்றார். 1936இல் சட்டப் பட்டம் பெற்றபோதிலும் வழக்கறிஞர் தொழிலில் இவருக்கு நாட்டம் ஏற்படவில்லை. 1937இல் இந்துமதியை மணந்தார்.

சண்டூர் வாழ்க்கை

நிலையான வேலை அமையாத நிலையில், 1942இல் இன்றைய கர்நாடகத்தில் உள்ள சண்டூர் சமத்தானத்தில் பணியில் சேர்ந்தார். ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், அரசரின் செயலாளர் எனப் பல பொறுப்புகளை வகித்தார். ஓய்வு நேரங்களில் அருகிலிருந்த குன்றுகளிலும் காடுகளிலும் நடந்து திரிந்தார். ஆடு மேய்த்தும் புறா வளர்த்தும் பார்த்தார். சமத்தானம் இந்தியாவுடன் இணைக்கப்பட்ட பின், 1949இல் சென்னை திரும்பினார். அதன் பின்னர் எங்கும் மாத ஊதியத்திற்குப் பணியாற்றாமல், எழுத்தையும் ஒளிப்படத்தையும் மட்டுமே நம்பி வாழ்ந்தார்.

ஒளிப்படக் கலை

கிருஷ்ணன் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். விலை உயர்ந்த கருவிகளை வாங்க வசதியின்மையால், வெவ்வேறு கருவிகளின் பாகங்களையும் வில்லைகளையும் இணைத்துத் தமக்கான ஒளிப்படக்கருவியைத் தாமே உருவாக்கிக் கொண்டார். கனமான அக்கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். அதைச் சுமந்தபடி நடந்தும், பழக்கப்பட்ட யானையின் மீதமர்ந்தும் காட்டு விலங்குகளைப் படம் பிடித்தார்.

இவருக்கு ஒளிப்படம் என்பது அலங்காரப் பொருளன்று. விலங்கின் இயல்பான நடத்தையைக் காட்டும் சான்றாகும். நல்ல படத்திற்கு முதல் தேவை கருவியன்று, விலங்கைப் பற்றிய அறிவும் பொறுமையுமே என்பதற்கு இவரது படங்கள் எடுத்துக்காட்டாக உள்ளன.

ஆய்வும் பாதுகாப்புக் கருத்துகளும்

1968இல் ஜவகர்லால் நேரு ஆய்வு நல்கை பெற்று, தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளைக் குறித்துக் கள ஆய்வு மேற்கொண்டார். இதன் முடிவுகள் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் 1970களில் தொடராக வெளிவந்தன. இந்தியக் கானுயிர் வாரியத்திலும் உறுப்பினராக இருந்தார்.

ஒரு நாட்டின் அடையாளம் அதன் கோயில்களிலும் மொழிகளிலும் மட்டுமன்றி, அந்நிலத்துக்கே உரிய மரஞ்செடிகளிலும் உயிரினங்களிலும் அடங்கியுள்ளது என்பது இவரது உறுதியான கருத்து. எனவே தைலமரம் போன்ற அயல்நாட்டு மரங்களை நடுவதைக் கடுமையாக எதிர்த்தார். மரங்களை நடுவதே பெரும் தொண்டாகப் போற்றப்பட்ட காலத்தில், எந்த மரத்தை நடுகிறோம் என்று கேட்டவர் இவர். இக்கருத்து அன்று பிடிவாதமாகவே பலருக்குத் தோன்றியது. ஆனால் அயல் தாவரங்களை அகற்றி உள்ளூர்த் தாவரங்களை மீட்பது இன்று காடுகளைப் பாதுகாக்கும் பணியின் ஒரு பகுதியாகிவிட்டது.

எழுத்துப் பணி

ஸ்டேட்ஸ்மன் இதழின் பத்திக்கான கோட்டோவியங்களையும் ஒளிப்படங்களையும் இவரே அளித்தார். சங்க இலக்கியத்தில் நல்ல பயிற்சி உடையவர். அதில் இடம்பெறும் விலங்குகளையும் பறவைகளையும் இனங்காண்பதில் ஆர்வம் காட்டினார். தமிழில் கட்டுரைகளுடன் 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்ற துப்பறியும் புதினத்தையும் எழுதினார்.

இவரது நூல்களில் சில:

* ஜங்கிள் அண்ட் பேக்யார்டு (ஆங்கிலம், 1961)
* நைட்ஸ் அண்ட் டேஸ் (ஆங்கிலம், 1985)
* நேச்சர்ஸ் ஸ்போக்ஸ்மன் (ஆங்கிலம், 2000, தொகுப்பு: ராமச்சந்திர குகா)
* மழைக்காலமும் குயிலோசையும் (தமிழ், தொகுப்பு: சு. தியடோர் பாஸ்கரன்)
* ஐ இன் த ஜங்கிள் (ஆங்கிலம், ஒளிப்படங்களும் கட்டுரைகளும், 2006)

மறைவு

இந்திய அரசு இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. 1996 பெப்ரவரி 18 அன்று சென்னையில் காலமானார். இவரது கடைசிப் பத்தி அதே நாளில் ஸ்டேட்ஸ்மன் இதழில் வெளியானது.