ஆய்வகக் காற்றை முதல்வருக்குக் காட்டியவர்

ஆண்டுதோறும் பிப்ரவரி நெருங்கும்போது ஊத்தங்கரைப் பள்ளிகளில் செய்முறைத் தேர்வைப் பற்றிய பேச்சே மேலோங்கியிருக்கும். பிளஸ் 2 வேதியியலில் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண். எஞ்சிய 30-ல் 20 செய்முறைக்கு உரியது. அந்த 20-ஐ முழுதாகப் பெறும் வழியைக் கேட்காத பெற்றோர் இல்லை. ஆனால், அதற்காக நம் பிள்ளைகள் நிற்கும் அறையின் காற்று எப்படி இருக்கிறது என்று கேட்டவரை நான் கண்டதில்லை. அண்மையில் இவ்வட்டாரப் பள்ளி ஒன்றுக்குச் சென்றபோது, மாணவர்கள் உப்புப் பகுப்பாய்வு செய்துகொண்டிருந்த அறையில் சில நிமிடங்கள் நின்றேன். சன்னல்களை அலமாரிகள் மறைத்திருந்தன. புகையை வெளியேற்றும் விசிறி சுழலவில்லை. என் கண்களில் நீர் வடிந்தது. நான் பொருளியல் ஆசிரியனாக இருந்தவன், வேதியியல் அறியேன். எனினும் அங்கே நின்றபோது வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராயின் வாழ்க்கை நினைவுக்கு வந்தது.

1861 ஆகஸ்ட் 2 அன்று வங்கத்தின் ராருளி கிராமத்தில் பிறந்தவர் ராய். சிறுவயதில் கடும் வயிற்றுக்கடுப்பு நோய்க்கு ஆளாகிப் பள்ளியை விட்டு நின்றார். உடல்நலிவு வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது. கல்லூரிக் காலத்தில், கல்கத்தா மாநிலக் கல்லூரியில் அலெக்சாண்டர் பெட்லர் செய்துகாட்டிய சோதனைகள் அவரை வேதியியலின் பக்கம் ஈர்த்தன. கண்டதைத் தானும் செய்து பார்க்க விரும்பி, நண்பர் ஒருவரின் விடுதி அறையில் சிறு ஆய்வகம் அமைத்தார். தகர வேலை செய்பவரைக் கொண்டு மெல்லிய தகட்டில் செய்வித்த ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஊதுகுழல் ஒருநாள் வெடித்துச் சிதறியது. இருவரும் காயமின்றித் தப்பியது அவர்களின் நற்பேறு. ஆர்வம் மட்டும் ஒருவரைக் காப்பாற்றாது என்பதை அந்த வெடிப்பு அவருக்கு உணர்த்தியிருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

1882-ல் கில்கிறிஸ்ட் உதவித்தொகை பெற்று எடின்பரோ சென்றார். 1887-ல் முனைவர் பட்டம் பெற்றார். 1889-ல் மாநிலக் கல்லூரியில் மாதம் 250 ரூபாய் ஊதியத்தில் உதவிப் பேராசிரியரானார். அங்கே வேதியியல் ஆய்வகம் பழைய ஒருமாடிக் கட்டடத்தில் இயங்கியது. புகை வெளியேற உரிய வழி இல்லை. செய்முறை வகுப்பு நடக்கும்போது அமில நெடியில் மூச்சுத் திணறும். மழைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசம்.

இவ்விடத்தில் ராய் செய்தது எளிய காரியம். முதல்வராக இருந்த டானியை ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்று, அங்கேயே சில நிமிடங்கள் மூச்சுவிடும்படி கேட்டுக்கொண்டார். நுரையீரல் வலுவற்ற முதல்வரால் நிற்க முடியவில்லை, விரைந்து வெளியேறினார். நகரச் சுகாதார அதிகாரி இதை அறிந்தால், மாணவர்களின் உடல்நலத்தைக் கெடுத்ததற்காகத் தன் மீதே வழக்குத் தொடரலாம் என்ற பொருளில் கல்வித் துறை இயக்குநருக்குக் கண்டிப்பான கடிதம் எழுதினார். எடின்பரோ ஆய்வகத்தின் வரைபடங்கள் பேராசிரியர் கிரம் பிரௌனிடமிருந்து வந்தன. 1894-ல் புதிய ஆய்வகம் எழுந்தது. கோப்புகளில் கிடந்திருக்கக்கூடிய ஒரு குறை, அதிகாரம் உள்ளவரின் மூச்சில் பட்டதும் தீர்வு கண்டது.

அடுத்த ஆண்டுகளில் அந்தப் புதிய ஆய்வகத்தில்தான் பாதரசத்துடன் நீர்த்த நைட்ரிக் அமிலத்தை வினைபுரியச் செய்து, மெர்க்குரஸ் நைட்ரைட் என்னும் சேர்மத்தை ராய் கண்டறிந்தார். இந்தியாவில் நவீன வேதியியல் ஆராய்ச்சி அதன் வழியே உலகின் கவனத்தைப் பெற்றது. பாதுகாப்புக்குச் செய்யும் செலவு வீண் என்போர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால், ராயும் தவறாதவர் அல்லர். 1892-ல் 700 ரூபாய் முதலீட்டில், தாம் வாழ்ந்த வாடகை வீட்டிலேயே வங்காள வேதியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். உர உப்புக்காக இறைச்சிக் கடைகளில் வாங்கிய எலும்புகளை மொட்டை மாடியில் உலர்த்தினார். எதிர்பாராத மழையில் அவை அழுகின. காகங்கள் அக்கம்பக்கத்து வீடுகளில் சிதறின. அண்டை வீட்டார் கொதித்தெழுந்து, சுகாதார அதிகாரியிடம் செல்வோம் என்றனர். அவர் எலும்புகளை ஊருக்கு வெளியே அகற்றினார். செய்பவர் கணக்கில் ஏறாமல் பிறர் தலையில் விழும் செலவைப் புறவிளைவு என்று என் வகுப்பில் கற்பித்தேன். அப்பாடத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

அதைவிடப் பெரிய விலையையும் அந்த நிறுவனம் கொடுத்தது. அவருடன் இணைந்து உழைத்த சதீஷ் சந்திர சின்கா என்ற இளம் வேதியியல் பட்டதாரி, ஆய்வகத்தில் தற்செயலாக ஹைட்ரோசயனிக் அமில நஞ்சுக்கு ஆளாகி உயிரிழந்தார். மற்றொரு தோழரான மருத்துவர் அமூல்ய சரண் போஸ் 1898-ல் பிளேக் நோயில் மறைந்தார். இரு இழப்புகளையும் தாங்கிக்கொண்டே ராய் நிறுவனத்தை வளர்த்தார். 1901-ல் அது பொது நிறுவனமாயிற்று.

1916-ல் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரிக்குச் சென்றார். 60 வயது நிறைந்தபின் தம் ஊதியத்தைப் பல்கலைக்கழகத்துக்கே அளித்தார். திருமணம் செய்யாமல், அக்கல்லூரியின் ஓர் அறையிலேயே வாழ்ந்து, 1944 ஜூன் 16 அன்று அங்கேயே காலமானார்.

ராய் மறைந்து எண்பது ஆண்டுகள் கடந்தபின், அவர் திருத்திய குறை நம் ஊரில் இன்னும் நிற்கிறது. இதற்கு ஆசிரியர்களை மட்டும் குறைகூறல் அறமன்று. ஒரே ஆசிரியர், உதவியாளரும் இன்றி, நாற்பது மாணவர்களின் கையில் அடர் கந்தக அமிலத்தைக் கொடுத்துவிட்டு எத்தனை பேரைக் கவனிக்க முடியும்? ஆனால், பிப்பெட்டை வாயால் உறிஞ்சாதே, அமிலத்தை நீரில் ஊற்று, நீரை அமிலத்தில் ஊற்றாதே, கண்ணில் பட்டால் ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவு என்பவை பணம் கேட்காத விதிகள். கண்ணாடியும், இயங்கும் விசிறியும், திறக்கும் சன்னலும் கேட்பது சிறு தொகையே.

இப்பிள்ளைகளில் பலர் நாளை பர்கூர், ஓசூர் தொழிற்பேட்டைகளுக்குச் செல்பவர்கள். ஓசூரை அடுத்த அத்திப்பள்ளியில் 2023 அக்டோபரில் பட்டாசுக் கடை எரிந்தபோது மாண்டவர்களில் பலர், நம் பக்கத்து மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்குச் சென்ற இளைஞர்கள். முதலாளியின் அலட்சியத்தைத் தொழிலாளியின் பயிற்சி ஈடுகட்டாது. ஆயினும், ஆபத்தான அறையை ஆபத்தானது என்று அறியவும், சொல்லவும் பதினாறு வயதில் பழகியவன், இருபதில் வாய்மூடி நிற்கமாட்டான்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். தலைமையாசிரியர்களும், தாளாளர்களும், கல்வி அலுவலர்களும் உப்புப் பகுப்பாய்வு நடக்கும் நாளில், பத்து நிமிடம் நம் ஆய்வகங்களுக்குள் நின்று மூச்சு விடட்டும். ராய் டானியிடம் கேட்டதும் அவ்வளவே.