சதைத் துணுக்கைப் படித்த டாக்டர் கானோல்கர்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், தறி, சாயம் என்று எதையாவது எழுதிவிடாதே, எல்லோருக்கும் ஆகிற மாதிரி ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுது என்று மலர்க்குழுவில் இருக்கும் என் வகுப்பு நண்பன் போனில் சொல்லிவிட்டான். காமராஜரையும் விஸ்வேஸ்வரய்யாவையும் கலாமையும் போன மலர்களிலேயே நம்மாட்கள் எழுதிவிட்டார்கள். நான் ஒரு டாக்டரை எடுத்துக்கொண்டேன். பெயர் வசந்த் ராம்ஜி கானோல்கர். திசுவைப் பார்த்து நோயைச் சொல்லும் நோய்க்குறியியல் துறையில், இந்தியாவில் அதன் தந்தை என்றே இவரைச் சொல்கிறார்கள். சாயப்பட்டறை எஞ்சினியருக்கு இவரை எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் அம்மிச்சியின் வாய்ப்புண் வழியாகத்தான்.

அம்மிச்சிக்குக் குண்டடம் பக்கத்தில் தோட்டம். சின்ன வயதிலிருந்தே வெத்தலையோடு பொகையிலையும் சேர்த்து இடது கன்னத்தில் அதக்கிக்கொள்ளும் பழக்கம். 2015-ல் அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு வந்து, பிறகு ஆறாத புண்ணாகிவிட்டது. டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் புண்ணின் ஓரத்திலிருந்து துணுக்கு எடுத்து, ஒரு சின்ன பாட்டிலில் போட்டு, கோயமுத்தூரில் லேபில் கொடுத்துவிடுங்கள் என்று என் கையில் தந்தார்கள். எனக்கு அன்றைக்கு ஷிப்ட். பாட்டிலை பைக் டேங்க் கவரில் வைத்தவன், மறுநாள் மத்தியானம்தான் கொண்டுபோனேன். மே மாத வெயில் வேறு.

லேபில் இருந்தவர் பாட்டிலைத் திறந்து பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார். உள்ளே இருந்தது ஃபார்மலின் இல்லை, வெறும் சலைன் தண்ணீர். பெயரை மூடியில் பேனாவால் எழுதியிருந்தார்கள், அதுவும் பாதி அழிந்துபோயிருந்தது. கூட வந்த சீட்டில் வயதும் வாய்ப்புண் என்ற ஒரு வார்த்தையும்தான். நாலு நாள் கழித்து, திசு அழுகிவிட்டதால் எதுவும் சொல்ல இயலவில்லை, மறுபடி எடுத்து அனுப்பவும் என்று ரிப்போர்ட் வந்தது. மறுபடி வாயில் கத்தி வைக்க அம்மிச்சி ஒத்துக்கொள்வதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது.

இரண்டாம் தடவை அந்த லேப் டாக்டரை நேரில் பார்த்தேன். வயதானவர். நான் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறேன் என்றதும் உட்காரச் சொல்லி, கானோல்கர் கதையைச் சொன்னார். அதற்குப் பிறகு நானாகவும் தேடிப் படித்தேன்.

கானோல்கர் பிறந்தது 1895 ஏப்ரல் 13-ல், இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கிற குவெட்டாவில். லண்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, 1923-ல் நோய்க்குறியியலில் எம்.டி. வாங்கினார். ஊர் திரும்பி பம்பாயில் கிராண்ட் மெடிக்கல் காலேஜ், பிறகு சேட் ஜி.எஸ். மெடிக்கல் காலேஜ் என்று பேராசிரியராக இருந்தார். நோயாளியைத் தொட்டு வைத்தியம் பார்க்கிற டாக்டருக்குத்தான் ஊரில் பெயர் வரும். மைக்ராஸ்கோப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டு இருக்கிறவரை யாருக்குத் தெரியும்? தெரிந்தே அந்த வேலையை எடுத்துக்கொண்டவர் அவர்.

1941 பிப்ரவரி 28-ல் பம்பாய் பரேலில் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி திறந்தது. ரத்தப் புற்றுநோயில் இறந்துபோன மெஹர்பாய் டாடாவின் நினைவாகக் கட்டியது. அதன் பரிசோதனைக் கூடங்களுக்குப் பொறுப்பாக கானோல்கர் போனார். நாட்டின் நாலா பக்கமிருந்தும் புற்றுநோயாளிகள் அங்கே வந்தார்கள். அறுத்தெடுத்த கட்டிகளும் துணுக்குகளும் அவர் மேஜைக்கு வந்தன.

இங்கே நம் தொழிலோடு ஒட்டிய ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உடம்பிலிருந்து எடுத்த அந்த நிமிஷமே திசு தன்னைத்தானே கரைத்துக்கொள்ள ஆரம்பிக்கிறது. அதை நிறுத்துவது ஃபார்மலின். 1893-ல் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் ப்ளும் என்பவர் ஃபார்மால்டிஹைடின் கிருமிநாசினி குணத்தைச் சோதித்துக்கொண்டு இருந்தபோது, தன் விரல் தோல் கெட்டிப்பட்டுப் போனதைக் கவனித்தார். அதிலிருந்து வந்த வழிதான் இது. ஃபார்மலினில் ஊறிய துணுக்கை ஆல்கஹாலில் போட்டு நீரை எடுத்து, ஸைலீனில் போட்டு, மெழுகில் பதித்து, நாலைந்து மைக்ரான் கனத்தில் சீவுகிறார்கள். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்படியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, சாயம் ஏற்ற வேண்டும். ஹெமடாக்சிலின் என்ற நீலச் சாயம் மத்திய அமெரிக்காவில் விளையும் ஒரு மரத்தின் கட்டையிலிருந்து வருவது. ஐரோப்பியச் சாயக்காரர்கள் துணிக்குப் போட்ட அதே சாயம். அது செல்லின் உட்கருவில் பிடிக்கப் படிகாரம் வேண்டும். துணிக்குச் சாயம் பிடிக்க நம் பாட்டன் காலத்தில் போட்ட அதே படிகாரம்! ஈயோசின் என்ற சிவப்பு 1870-களில் ஜெர்மன் சாயத் தொழிலில் வந்தது. உலகத்தில் எந்த ஊரில் புற்றுநோய் ரிப்போர்ட் எழுதினாலும் பெரும்பாலும் இந்த இரண்டு சாயத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். இதை அந்த லேப் டாக்டர் சொன்னபோது, சரி, இவரும் நம்ம ஆள்தான் என்று எனக்குத் தோன்றியது.

கானோல்கரின் பெருமை சாயத்தைப் பார்த்ததோடு நிற்கவில்லை. இந்தத் துணுக்கு யாருடையது, அவர் எந்த ஊர், என்ன சாப்பிடுகிறார், எதை மெல்லுகிறார், என்ன உடுத்துகிறார் என்று கேட்டார். புற்றுநோய் என்றால் தலையெழுத்து என்று இருந்த காலத்தில் பழக்கத்துக்கும் நோய் வரும் இடத்துக்கும் முடிச்சுப் போட்டுப் பார்த்தார். காஷ்மீரில் குளிருக்கு காங்ரி என்ற கனல் சட்டியை வயிற்றோடு அணைத்துக்கொள்கிறவர்களுக்கு அந்த இடத்தில் புற்று வருவது 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. 1945-ல் கானோல்கரும் சூர்யாபாய் என்பவரும் சேர்ந்து, பழக்கத்தால் வரும் புதிய வகைப் புற்றுநோய்களைப் பற்றி ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் எழுதினார்கள். அதில் ஒன்று வேட்டிப் புற்று. ஆமாம், நாம் கட்டுகிற வேட்டிதான். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டி, வேர்வையும் உராய்வும் சேர்ந்து, இடுப்புத் தோல் நிறம் மாறி, தடித்து, புண்ணாகி, அபூர்வமாகச் சிலருக்குப் புற்றாகிவிடுகிறது. பெண்களுக்குப் பாவாடை நாடாவில் இதே மாதிரி வருவதைப் பின்னால் வந்த டாக்டர்கள் எழுதினார்கள். 2024-ல்கூட இப்படி இரண்டு பெண்களைப் பற்றி ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. பனியன் ஊர்க்காரன் நான். இடுப்பு எலாஸ்டிக் எத்தனை இறுக்கம் என்று தினமும் அளந்து கையெழுத்துப் போடுகிறவன். இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

புகையிலையிலும் அவர் விடவில்லை. சங்வி, ராவ் ஆகியோரோடு சேர்ந்து, புகைப்பதற்கும் மெல்லுவதற்கும் வாய், தொண்டைப் புற்றுக்கும் உள்ள உறவை நோயாளிகளைக் கணக்கெடுத்து 1955-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார். மேல்நாட்டில் சிகரெட்டும் நுரையீரலும் என்று பேசிக்கொண்டு இருந்த நேரத்தில், நம் நாட்டில் வாயைப் பார்க்க வேண்டும் என்று காட்டியவர்கள் இவர்கள். கோவை, ஈரோடு, திண்டுக்கல் என்று மெல்லும் புகையிலை விளைந்து, விற்று, கல்யாண வீட்டுத் தாம்பாளம் வரைக்கும் வந்த சீமை நம்முடையது. அம்மிச்சியிடம் எந்தக் கன்னத்தில் அதக்குவீங்க என்று முதல் ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவே இல்லை.

தொழுநோயிலும் அவர் உழைப்பு பெரிது. கிருமி நரம்பைப் பிடித்து ஏறுவதை ஆரம்ப நிலைத் திசுக்களில் ஆராய்ந்தார். 1952-ல் பம்பாயில் இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் உருவாகக் காரணமாக இருந்து, அதை நடத்தினார். திசு வளர்ப்பில் பெயர் பெற்ற கமல் ரணதிவே அவரிடம் பயின்றவர்தான். உலகப் புற்றுநோய் எதிர்ப்புச் சங்கத்துக்கு 1950 முதல் 1954 வரை தலைவர், பிறகு பம்பாய்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், பத்மபூஷண், தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்று பதவிகளும் பட்டங்களும் வந்தன. அவற்றை விரித்தால் மலரில் இடம் போதாது. 1978 அக்டோபர் 29-ல் காலமானார்.

இனி அந்த இரண்டாவது பாட்டில். எங்களுக்கு அந்த லேப் டாக்டரே கொடுத்து அனுப்பினார். அகல வாய் உள்ள பாட்டில். ஏன் அகல வாய் என்றால், சின்ன வாய்க்குள் பிதுக்கிப் போட்ட துணுக்கு ஃபார்மலினில் கெட்டியானதும் வெளியே வராது! துணுக்கைப் போலப் பத்து முதல் இருபது மடங்கு ஃபார்மலின். கடையில் வாங்கும் சரக்கை அப்படியே ஊற்றக்கூடாது, ஒன்றுக்கு ஒன்பது பங்கு நீரும், புளிக்காமல் நடுநிலையில் நிறுத்தும் உப்பும் சேர்த்தது. பெயர், வயது, எந்தப் பக்கம், எடுத்த நேரம் எல்லாம் பாட்டிலின் உடம்பில் ஒட்டிய லேபிளில். மூடியில் எழுதினால், லேபில் பத்து மூடியைத் திறந்து வைக்கும்போது யாருடையது எது என்று தெரியாது. ஒருவருடைய புற்று இன்னொருவர் பெயரில் போய்விடும். பாட்டிலை மூடி, ஒட்டுப் போட்டு, ஒரு கவரில் வைத்து, அதை இன்னொரு கவரில் வைத்து, சீட்டை வெளியே தனியாக வைக்க வேண்டும். சீட்டு நனைந்தால் பாட்டில் ஊமை.

ஃபார்மலினும் லேசுப்பட்டது இல்லை. அதன் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். 2004-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமே அதை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருளாகச் சேர்த்துவிட்டது. நம் ஏற்றுமதித் துணியில் இது எத்தனை பி.பி.எம். இருக்கிறது என்று வெளிநாட்டுக்காரன் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்பதும் இதனால்தான். கொட்டினால் கை உறை போட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டுத் துடைக்க வேண்டும். இன்னொன்று: எல்லாத் துணுக்கும் ஃபார்மலினுக்குப் போகாது. காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் ஃபார்மலின் பட்டாலே கிருமி செத்துவிடும், அதற்கு வேறு பாட்டில். துணுக்கு எடுக்கும் முன்னாலேயே டாக்டரிடம் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. மருத்துவமனை லேபில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் நம் தம்பி தங்கைகள் என்னைவிட இதை நன்றாகச் சொல்வார்கள்.

இந்தத் தடவை பைக் இல்லை. துணுக்கு எடுத்த அன்றே பல்லடம் வழியாக கோயமுத்தூர் பஸ்ஸில், பாட்டிலை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு போனேன். சீட்டில் நானே கூட இருந்து எழுத வைத்தேன்: இடது கன்னம், பொகையிலை, நாற்பது வருஷத்துக்கு மேல். ஆறாம் நாள் ரிப்போர்ட் வந்தது. புற்றுதான், ஆனால் ஆழமாகப் போகவில்லை. ஆபரேஷன் செய்தார்கள். அம்மிச்சி 2019 வரைக்கும் இருந்தார். வெத்தலையை மட்டும் விடவில்லை, பொகையிலையை விட்டுவிட்டார். முதல் பாட்டில் சரியாக இருந்திருந்தால் அந்த ஒரு மாதம் மிச்சமாகி இருக்கும், வெட்டும் இன்னும் சின்னதாகப் போயிருக்குமோ என்னமோ. டாக்டரிடம் நான் கேட்கவில்லை. பைக் டேங்க் கவரில் ஒரு ராத்திரி வைத்திருந்தவன் நான்தானே.

கானோல்கர் படித்த மாதிரியான மெழுகுக் கட்டிகளை நல்ல லேபுகள் பல வருஷம் பத்திரமாக வைத்திருக்கின்றன. நோய் திரும்பினால் பழையதை எடுத்துச் சீவி ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதற்காக. அம்மிச்சியின் கட்டியின் நம்பர் இன்னும் என் டைரியில் இருக்கிறது. போன வருஷம் அம்மாவுக்கு வாயில் ஒரு வெள்ளைத் திட்டு வந்தபோது, அந்த டைரியை எடுத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். துணுக்கு எடுத்தார்கள், ஃபார்மலின் பாட்டிலா என்று முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். மூக்கு எரிந்தது. ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை.