பெரியாற்றைக் கிழக்கே திருப்பிய பென்னிகுயிக் துரை



ஆனி, ஆடி மாதங்களில் நாம் ஆண்டுதோறும் காணும் காட்சியொன்றுண்டு. ஏலமலையின் முகட்டில் கார்மேகம் கவிந்து அப்பால் மழை கொட்டும். இப்பால் சிலமலைப் புஞ்சைகளிலோ காற்றும் சிறு சாரலுமன்றி வேறில்லை. மலை மேகத்தை மறிப்பதால் நேரும் இவ்வறட்சிக்கு, மலையையே துளைத்துப் பரிகாரம் தேடியவர் கர்னல் ஜான் பென்னிகுயிக் துரையவர்கள். அன்னாரது சரிதம் நம் மக்கள் யாவரும் அறியத்தக்கது.

இவர் 1841-ஆம் ஆண்டு ஜனவரி 15-ல் புனா நகரில் பிறந்தார். எட்டு வயது நிறைய இரண்டு நாள் இருக்கையில், 1849-ல் நிகழ்ந்த சிலியன்வாலா யுத்தத்தில் தந்தையும் தமையனும் ஒரே நாளில் மாண்டனர். பின்பு சீமையில் அடிஸ்கோம் இராணுவக் கலாசாலையில் பயின்று, 1860-ல் இந்தியா வந்து சென்னை எஞ்சினீயர் படையில் ஊழியம் புரிந்தார்.

மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் அவருக்கு முன்னரே தோன்றியதாகும். 1789-ல் இராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதனைக் கருதினார். பொருள் முட்டுப்பாட்டால் கைகூடவில்லை. 1808-ல் ஆராய்ந்த கால்டுவெல் துரை ஆகாத காரியமென்று தள்ளினார். 1850-ல் தொடங்கிய சிறு வேலையும் காய்ச்சலால் நின்றது. 1876 முதல் 1878 வரை நேர்ந்த தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்து ஜனங்கள் இலட்சக்கணக்கில் மடிந்த பின்னர், 1882-ல் திட்டத்தைச் செம்மைப்படுத்தும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. 1886-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் 999 ஆண்டுக் குத்தகை ஏற்பட்டு, 1887-ல் வேலை தொடங்கிற்று.

அவ்விடம் அடர்ந்த கானகம். யானையும் புலியும் உலவுமிடம். வெள்ளம் தற்காலிக அணைகளை அடித்துச் சென்றது. நோயினால் மாத்திரம் 400-க்கு மேற்பட்ட தொழிலாளர் உயிர் நீத்தனர். அவர்களில் பெரும்பாலோரின் பெயரை இன்று அறிவாரில்லை. நாம் உண்ணும் சோற்றில் அவர்களுக்கும் பங்குண்டு. கருங்கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு சுமார் 1,200 அடி நீளமுள்ள அணை எழும்பியது. தேங்கிய நீர் ஒரு மைலுக்கு மேற்பட்ட சுரங்கத்தின் வழியே மலையைக் கடந்து, வைரவனாற்றில் இறங்கி, சுருளியாற்றோடு கூடி வைகையை அடைந்தது. 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு அதனைத் திறந்து வைத்தார். கம்பம் பள்ளத்தாக்கும் மதுரைச் சீமையும் நெல் விளையும் பூமியாயின.

பின்னர் பென்னிகுயிக் சீமையில் கூப்பர்ஸ் ஹில் எஞ்சினீயரிங் கலாசாலைத் தலைவராய் விளங்கி, 1911 மார்ச் 9-ல் காலஞ்சென்றார். 2013-ல் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் பிறந்த நாளில் நம் பக்கத்துக் கிராமங்களில் பொங்கலிடுகின்றனர்.

பொங்கலிடுதல் நன்றே, ஆயினும் அது போதாது. பெரியாற்று நீர் எல்லா ஊரையும் எட்டுவதன்று. கொட்டகுடி ஆறும், மலையோடைகளும், கண்மாய்களுமே பல குடிகளுக்குக் கதி. ஓடையை மறித்து வேலி கட்டினால், கண்மாயில் வண்டல் மேடிட விட்டால், சோலைக்காட்டை வெட்டினால், பெய்யும் மழையும் நமக்கு நில்லாது. வீட்டுக்கு ஓராள் சென்று வரத்துக்கால் வெட்டிய குடிமராமத்து நம் முன்னோர் வழக்கமன்றோ? ஐப்பசி மழைக்கு முன் அவ்வேலையைத் தொடங்குவோமாக. அந்நியராய்ப் பிறந்த ஒருவர் மலையைத் துளைத்தார். மண்ணுக்குரிய நாம் மண்வெட்டி எடுக்கத் தயங்கலாகாது.