ஒளி மாறும் விண்மீன்

சிந்தாமணி ரகுநாதாச்சாரி பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை வானாய்வகத்தில் உழைத்து முதல் உதவியாளராக உயர்ந்தார்.

1867-இல் தென்வானில் ஒரு விண்மீனின் ஒளி கூடிக் குறைவதை அவரே முதலில் கண்டறிந்தார். அதன் பெயர் ஆர் ரெட்டிகுலி. சென்னையில் அடிவானத்தை ஒட்டித் தோன்றும் அதனைக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் தொலைநோக்கியால் சற்று உயரத்தில் காணலாம். மூடுபனி விலக வேண்டும், அவ்வளவே! இத்தகைய முதிர்ந்த செம்மீன்கள் விண்தூசியை வெளியேற்றுகின்றன. அத்தூசி வீசும் அகச்சிவப்புக் கதிர் கண்ணுக்குப் புலப்படாது. அதை அளக்கும் கருவி அவரிடம் இல்லை. இரவுதோறும் உற்றுநோக்கிய பொறுமையே அவருக்குத் துணை.

வானில் காண்பதற்கேற்பப் பஞ்சாங்கத்தையும் திருத்த வேண்டும் என்றார். பழைய முறையைக் கைவிடப் பலர் விரும்பவில்லை. ஆயினும் அவர் தம் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். 1874-இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கவிருந்தபோது, பொதுமக்களுக்காகச் சிறுநூலும் எழுதினார். 1880-இல் காலமானார்.