ஐந்து முறை விரட்டப்பட்ட ஆயர்: புனித அத்தனாசியார்

பங்கு மக்களே, நீண்ட விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது, இயேசு தந்தையோடு ஒரே பொருளானவர் என்று அறிக்கையிடுகிறோம். பெரும்பாலும் மூச்சுவிடாமல் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்காக ஐந்து முறை ஊரைவிட்டு விரட்டப்பட்டவர் ஒருவர் உண்டு. விழா மலருக்குப் புனிதர் ஒருவரின் வரலாறு வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, அவரே என் நினைவுக்கு வந்தார்.

எகிப்து நாட்டின் துறைமுகப் பட்டணமான அலெக்சாந்திரியாவில் ஏறக்குறைய கி.பி. 297-இல் பிறந்தவர் அத்தனாசியார். அவருடைய சிறுவயது கொடிய வேதகலாபனையின் காலம். அந்நகரின் ஆயர் அலெக்சாந்தர் அவரைத் தம்மோடு வைத்துக்கொண்டு மறைநூலில் பயிற்றுவித்துத் திருத்தொண்டராக்கினார்.

அதே நகரில் பவுக்காலிஸ் கோவிலின் குரு ஆரியுஸ். (நம் ஊர் மேடைகளில் அடிபடும் ஆரியருக்கும் இவருக்கும் முடிச்சுப் போட வேண்டாம், அது அவர் பெயர், அவ்வளவே.) உயரமானவர், தவசி, பேச்சில் இனிமை உள்ளவர். தந்தை ஒருவரே உண்மையான கடவுள். மகன் படைப்புகளுக்குள் முதன்மையானவர், ஆனாலும் படைக்கப்பட்டவரே. அவர் இல்லாதிருந்த நிலை ஒன்று உண்டு என்று இவர் போதித்தார். கப்பலோட்டிகளும் மாவரைப்போரும் வழிப்போக்கரும் பாடும்படி அதைப் பாட்டாகவும் கட்டிவிட்டார். பிரசங்கம் கோவில் வாசலோடு மறந்துபோகும். பாட்டு வீடு வரை வரும். தப்பறை அப்படித்தான் பரவியது.

குருமடத்தில் திருச்சபை வரலாறு படிக்கும்வரை, தப்பறை போதிப்பவன் வேதபுத்தகத்தைத் தூக்கி எறிந்தவன் என்றே நான் எண்ணியிருந்தேன். ஆரியுஸோ வேத வசனத்தோடுதான் வந்தார். ஆண்டவர் ஞானத்தைப் படைத்தார் என்று நீதிமொழிகளில் இருக்கிறதே. தந்தை தம்மிலும் பெரியவர் என்று இயேசுவே அருளப்பர் நற்செய்தியில் சொன்னாரே என்பது அவர் கட்சியாரின் வாதம். இன்று கைப்பிரதியோடு நம் வீட்டு வாசலில் நின்று, இயேசு கடவுள் அல்ல என்பவர்களும் அதே வசனங்களைத்தான் விரித்துக் காட்டுகிறார்கள்.

அத்தனாசியார் என்ன செய்தார்? வசனத்தைப் பிய்த்தெடுக்காமல் வேதத்தை முழுமையாக வாசித்தார். அதே அருளப்பர் தம் நற்செய்தியின் முதல் வரியிலேயே வார்த்தையானவரைக் கடவுள் என்கிறார். உயிர்த்த இயேசுவைத் தோமையார் தம் கடவுளாக அறிக்கையிட்டபோது, இயேசு அவரைத் தடுக்கவில்லை. சில வசனங்கள் இயேசுவின் இறைத்தன்மையைக் கூறும். சில, நமக்காக அவர் ஏற்ற மனிதத் தன்மையைக் கூறும். அழுததும் களைத்ததும் மனிதராக; இலாசரை எழுப்பியது கடவுளாக. இரண்டையும் பிரித்தறியாமல் வாசித்ததே ஆரியுஸின் பிழை என்று காட்டினார். இன்னொன்றும் சொன்னார்: இயேசு படைப்பு என்றால் நம்மை மீட்க அவரால் ஆகாது. கடனில் மூழ்கியவனுக்கு இன்னொரு கடனாளி ஜாமீன் நிற்க முடியுமா? ஞானஸ்நானத்தில் யார் பெயரால் நம்மேல் தண்ணீர் ஊற்றினார்கள்? இப்போது புரிகிறதா, இது குருக்களின் சொற்சண்டை அல்ல என்று?

325-இல் பேரரசன் கொன்ஸ்தாந்தீன் நிசேயாவில் ஆயர்களைக் கூட்டினார். 318 பேர் வந்தார்கள் என்பது மரபு. தம் ஆயருக்குத் துணையாக அத்தனாசியாரும் சென்றிருந்தார். வேதத்திலுள்ள எந்தச் சொல்லை எடுத்தாலும் ஆரியுஸ் கட்சியார் கண்ஜாடை காட்டி, அதற்குத் தங்கள் பொருளை வைத்து ஒப்புக்கொண்டார்கள். எனவே, வேதத்தில் எழுத்தாக இல்லாத, ஆனால் வேதத்தின் பொருளைக் காக்கிற ஒரு சொல்லைச் சங்கம் தேர்ந்தது. அதுவே ஒரே பொருளானவர் என்னும் சொல். 2025-இல் அதற்கு 1700 ஆண்டுகள் நிறைந்தன.

சண்டை அத்துடன் ஓயவில்லை. 328-இல் அத்தனாசியார் ஆயரானார். அதற்குள் அரசனின் மனம் மாறியிருந்தது. ஆரியுஸைத் திரும்பச் சேர்க்கும்படி கட்டளை வந்தது. ஆயர் மறுத்தார். கொள்கையில் வெல்ல முடியாதவர்கள் கொலைப்பழி சுமத்தினார்கள். அர்சேனியுஸ் என்ற ஆயரைக் கொன்று, மாந்திரீகத்துக்காக அவர் கையை வெட்டினாராம்! பெட்டியில் வைத்து ஒரு கையையும் காட்டினார்கள். 335-இல் தீர் நகரில் விசாரணை. அத்தனாசியாரோ ஒளிந்திருந்த அர்சேனியுஸைத் தேடிப்பிடித்துச் சபைக்குக் கூட்டிவந்தார். போர்வையை விலக்கி ஒரு கையைக் காட்டினார். பிறகு மறு கையையும் காட்டினார். மூன்றாவது கை எங்கிருந்து வெட்டப்பட்டது என்று கேட்டாராம். இருந்தும் தண்டனை தப்பவில்லை. தலைநகருக்குச் செல்லும் தானியக் கப்பல்களை நிறுத்துவதாக மிரட்டினார் என்று புதிய பழி எழுந்தது. திரியர் நகருக்கு நாடு கடத்தப்பட்டார். அது முதல் முறை.

இரண்டாம் முறை உரோமைக்குப் போனார். ஏழாண்டுக்குப்பின் 346-இல் திரும்பியபோது நகரமே எதிர்கொண்டு அழைத்தது. 356 பிப்ரவரியில் ஓர் இரவு, மக்கள் விழிப்பு வழிபாட்டில் இருக்க, போர்வீரர்கள் கோவிலை வளைத்தார்கள். ஆயர் இருக்கையை விட்டு எழாமல், திருத்தொண்டரைச் சங்கீதம் வாசிக்கச் சொல்லி, மக்களைப் பதிலுரை சொல்ல வைத்தார். மக்கள் வெளியேறத் தொடங்கிய பிறகே துறவிகள் அவரை இழுத்துக்கொண்டு போய்க் காப்பாற்றினார்கள். ஆறாண்டுகள் பாலைவனத்தில் மறைந்து வாழ்ந்தார். அந்நாட்களில்தான் வனத்து அந்தோனியாரின் வரலாற்றை எழுதினார். (செவ்வாய்க்கிழமை நாம் நவநாள் செய்யும் பதுவை அந்தோனியார் வேறு.)

வெளியே நிலைமை மோசம். 359-இல் ரிமினியில் கூடிய நானூறுக்கும் மேற்பட்ட ஆயர்கள், அரசனின் நெருக்கடியால், அந்தச் சொல்லைக் கைவிட்ட அறிக்கையில் கையொப்பமிட்டார்கள். எண்ணிக்கையைப் பார்த்திருந்தால் அத்தனாசியாரும் எழுதுகோலை எடுத்திருப்பார்.

அவர் கடுமையானவர் என்று அன்றே குறை சொன்னார்கள். அது முழுக்கப் பொய் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் 362-இல் திரும்பியதும், அச்சத்தால் கையொப்பமிட்டவர்கள் நிசேயா அறிக்கையை ஏற்றால் போதும் என்று அணைத்துக்கொண்டார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த இடம் இதுவே.

அதே ஆண்டு யூலியான் அரசன் விரட்டினான். நைல் நதியில் படகில் தப்பும்போது, துரத்திய படகு நெருங்குவது தெரிந்து, தம் படகைத் திருப்பி அவர்களுக்கு எதிராகவே வரச் செய்தார். அத்தனாசியாரைக் கண்டீர்களா என்று கேட்டவர்களுக்கு, அருகில்தான் இருக்கிறார் என்று பதில் போயிற்று. அவர்கள் வேகமாகக் கடந்துபோனார்கள். 365-இல் வாலென்ஸ் அரசனால் ஐந்தாம் முறை; அது சில மாதங்களே. ஐந்தும் சேர்த்து ஏறக்குறைய 17 ஆண்டுகள்.

367-இல் பாஸ்கா விழாவை அறிவித்த கடிதத்தில், போலி நூல்கள் எளிய மக்களை ஏமாற்றாதபடி வேதநூல்களின் பட்டியலைத் தந்தார். நாம் இன்று வாசிக்கும் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை, கூடாமல் குறையாமல் குறிப்பிட்டு நமக்குக் கிடைத்துள்ள முதல் பட்டியல் அதுவே.

373 மே 2-இல் தம் சொந்த நகரிலேயே அமைதியாக இறந்தார். வாலென்ஸ் அப்போதும் அரியணையில் இருந்தான். அடுத்து ஆயரான பேதுரு உரோமைக்குத் தப்பியோட வேண்டியதாயிற்று. எட்டாண்டு கழித்து, 381-இல், கொன்ஸ்தாந்திநோப்பிளில் கூடிய பொதுச்சங்கம் நிசேயாவின் விசுவாசத்தை மறுபடி உறுதிசெய்தது.